கைத்துப்பாக்கி மசகு

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் நகரும் பாகங்களில் உராய்வு, தேய்மானம், துரு ஆகியவற்றைக் குறைப்பதற்காகப் பூசப்படும் எண்ணெய், கிரீஸ், உலர்பூச்சு ஆகியவற்றுக்கான பொதுப்பெயர். ரிவால்வரில் உருளையைச் சுழற்றுவது சுடுபவரின் விரல். மசகு வறண்டால் விரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அரைத் தானியங்கியில் வெற்றுக்கூட்டை வெளியே தள்ளுவதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதும் வெடித்த தோட்டாவின் ஆற்றலால் நடக்கின்றன. அந்த ஆற்றல் அளவுடன் கிடைப்பது. உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டால் இயக்கம் பாதியிலேயே நின்றுபோகும். மசகு இங்கே பராமரிப்புப் பொருளாக மட்டும் இல்லாமல் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

இதற்கென்று விற்கப்படும் குப்பிகளுக்குக் கணக்கில்லை. எது சிறந்தது என்ற வாதமும் ஓய்வதில்லை. அந்த வாதத்தில் பெரும்பகுதி குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பற்றியது. தரம் கெடாத எந்த மசகாக இருந்தாலும், அதை எந்த இடத்தில், எவ்வளவு வைத்தார்கள், வைத்த இடத்தில் அது எத்தனை நாள் நின்றது என்பவைதான் துப்பாக்கி ஓடுமா நிற்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

உராயும் இடங்கள்

ஸ்லைடு எனப்படும் மேற்பகுதி, பிரேம் எனப்படும் அடிப்பகுதியின் தடங்களில் முன்னும் பின்னும் ஓடுகிறது. 9 மி.மீ. துப்பாக்கியில் இந்த ஓட்டம் சுமார் 5 செ.மீ. தூரம். போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு முனைகளிலும் ஸ்லைடு ஒரு கணம் அசையாமல் நின்று திசை மாறுகிறது. மசகின் கஷ்டம் அந்தக் கணத்தில்தான் இருக்கிறது, பின்னால் பார்ப்போம்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911-ல் தடங்கள் பிரேமின் நீளத்துக்கு ஓடும் எஃகு. குழலின் மேல்புறத்தில் உள்ள பூட்டுமேடுகள் ஸ்லைடின் உட்புறக் குழிகளில் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். சுட்டதும் சிறிது தூரம் இரண்டும் சேர்ந்தே பின்வாங்கும். பிறகு ஓர் ஊசலிணைப்பு குழலின் பின்பகுதியைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கும். ஆகவே தடங்கள், பூட்டுமேடுகள், ஊசலிணைப்பு, குழலின் வாய்ப்பகுதியைத் தாங்கும் புஷ்ஷிங் என நாலு இடங்களில் உலோகம் உலோகத்தோடு தேய்கிறது. 1935-ல் வந்த பிரௌனிங் ஹை-பவரில் ஊசலிணைப்பு போய், குழலின் அடியில் சரிவான வெட்டு வந்தது. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இந்தியப் படைகளுக்குச் செய்துதந்த 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி இந்த ஹை-பவரின் வழிவந்ததே.

ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்த க்ளாக் 17-ன் பிரேமில் நீண்ட தடமே கிடையாது. நெகிழிப் பிரேமில் பதித்த நான்கு சிறு எஃகு நாக்குகளின் மேல் ஸ்லைடு ஓடுகிறது. தொடும் பரப்பு குறைவு. அதனால் எண்ணெயும் குறைவாகவே போதும். 1985-ல் எம்9 என்ற பெயரில் அமெரிக்கப் படைகளுக்குள் போன பெரெட்டா 92-இல் குழல் சாய்வதே இல்லை, நேர்கோட்டில் பின்வாங்கும். வால்தர் பி38-ல் இருந்ததைப்போல, குழலுக்கு அடியில் உள்ள பூட்டுக்கட்டை கீழிறங்கிப் பூட்டை விடுவிக்கும். பிரேம் அலுமினியக் கலவை. எஃகு ஸ்லைடும் அலுமினியத் தடமும் உரசும் இந்த அமைப்புக்கு எண்ணெயைவிட கிரீஸே பொருத்தம் என்று பலர் கொள்வதற்குக் காரணம் உண்டு. அலுமினியத்தின் மேலுள்ள ஆனோடைஸ் படலம் மிகக் கடினமானது, ஆனால் மெல்லியது. அது ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால் அடியில் உள்ள மென்மையான உலோகம் சீக்கிரம் கரைந்துவிடும்.

.22, .32 போன்ற சிறு தோட்டாக்களுக்கான துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் பூட்டே இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் பின்னுதைப்பைத் தாங்குகின்றன. அவற்றில் மசகு வேண்டிய இடங்களும் சொற்பம்.

உராய்வின் இயல்பு

ஜெர்மன் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்டிரிபெக் 1902-ல் வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறைக்கு அடிப்படை. வேகமும் எண்ணெயின் பாகுத்தன்மையும் போதுமான அளவு இருந்தால் எண்ணெய் தானே ஒரு மெத்தையாகி இரு உலோகங்களையும் பிரித்து வைக்கும். வேகம் குறையக் குறைய மெத்தை மெலிந்து, உலோக மேடுகள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு எல்லை உயவு என்று பெயர்.

கார் எஞ்சினின் தாங்கிகள் பெரும்பாலான நேரம் மெத்தையின் மேல் மிதக்கின்றன. கைத்துப்பாக்கிக்கு அந்த வசதி வாய்ப்பதில்லை. ஸ்லைடு ஒவ்வொரு முறையும் நின்று நின்று ஓடுகிறது; தோட்டாவுக்கும் தோட்டாவுக்கும் இடையே அசையாமல் கிடக்கிறது; உறையில் மாதக்கணக்கில் செருகிக் கிடந்து ஒரு நாள் திடீரென இயங்க வேண்டியும் வரலாம். எனவே இங்கே எல்லை உயவே பெரும்பங்கு. அப்போது காப்பாற்றுவது பாகுத்தன்மை அல்ல. எண்ணெயில் கலந்துள்ள சேர்மங்கள் உலோகத்தின் மேல் படியவைக்கும் நுண்படலம். கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள், துத்தநாக டைதயோபாஸ்பேட், மாலிப்டினம் டைசல்பைடு ஆகியவை இந்த வேலையைச் செய்பவை.

இதோடு கரியும் சேர்கிறது. வெடிமருந்தின் கரி, பிரைமரில் இருந்து வரும் ஈயம், பேரியம், ஆண்டிமனி, தோட்டா உறையில் இருந்து உதிரும் செம்பு எல்லாம் எண்ணெயில் கலந்து ஒரு கருங்குழம்பாகும். எண்ணெய் ஈரமாக இருக்கும்வரை இந்தக் கசடு மிதந்துகொண்டிருக்கும்; துணியால் துடைத்தால் வந்துவிடும். எண்ணெய் ஆவியாகிவிட்டாலோ வழிந்து போய்விட்டாலோ அதே கசடு கெட்டிப்பட்டு, மெருகேற்றும் பசையைப்போல உலோகத்தைத் தேய்க்கும். ஆயிரம் தோட்டா ஓடும் துப்பாக்கிக்கும் அறுநூறில் முனகத் தொடங்கும் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் இந்த எண்ணெய் ஈரம் நிற்பதில்தான் இருக்கிறது. ஒலியடக்கி பொருத்தினால் வாயுவும் கரியும் இன்னும் அதிகமாகப் பின்னால் திரும்பி வரும். எண்ணெய் சீக்கிரம் கருத்துவிடும்.

வகைகள்

பெட்ரோலிய எண்ணெய்கள் பரவும் முன் விலங்கு, தாவர எண்ணெய்களே துப்பாக்கிக்கும் போனவை. ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய்க்கு மிகுந்த மதிப்பு இருந்தது. அது வேதியியல்படி கொழுப்பு அல்ல, திரவ மெழுகு. எளிதில் பிசுக்குப் பிடிக்காது. 1970-ல் அந்தத் திமிங்கிலம் அமெரிக்காவின் அழியும் இனங்கள் பட்டியலில் சேர்ந்ததும் அதன் வணிகம் அங்கே முடிந்தது. அதற்கு வேதி அமைப்பில் நெருங்கிய ஹோஹோபா எண்ணெய்க்கு மவுசு கூடியது.

ஜெர்மனியில் 1904-ல் பிறந்த பாலிஸ்டால் இன்றும் விற்பனையில் இருக்கிறது. கனிம எண்ணெயோடு சோப்பு கலந்தது; லேசான காரத்தன்மை உடையது; தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுக்கும். அக்காலப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சும் பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்பின் உறவு; காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் குழலைத் துருவேற்றிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். தண்ணீரோடு சேரும் எண்ணெய் ஒன்று தேவைப்பட்டதன் பின்னணி இது. இன்றைய பிரைமர்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. பழைய ராணுவ இருப்புத் தோட்டாக்களைச் சுடுபவர்கள் மட்டும் வெந்நீரை மறந்துவிடக் கூடாது.

இன்றைய எண்ணெய்களின் அடிப்படை கனிம எண்ணெயாகவோ, பாலி ஆல்ஃபா ஒலிஃபின், எஸ்டர் போன்ற செயற்கைத் திரவமாகவோ இருக்கும். செயற்கை வகை குளிரில் உறையாமலும் சூட்டில் எளிதில் ஆவியாகாமலும் தாக்குப்பிடிக்கும், விலைதான் கூடுதல். சில புதிய தயாரிப்புகள் மீண்டும் தாவர எண்ணெய்க்குத் திரும்பியிருக்கின்றன. சுடும்போது அவை நன்றாகவே வழுக்குகின்றன, கரியும் எளிதில் துடைபடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் காற்றுபடக் கிடந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசுக்காகும் குணம் தாவர எண்ணெய்களுக்கு இயல்பு. அடிக்கடி சுட்டு அடிக்கடி துடைப்பவருக்கு இது பெரிய குறையில்லை. பீரோவில் வைத்துப் பூட்டுபவருக்குக் குறைதான். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசும் யோசனை வேண்டாம். அது சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உறைய ஆரம்பிக்கும்.

எண்ணெயை லித்தியம் சோப்பு போன்ற கெட்டியாக்கியில் ஊறவைத்ததே கிரீஸ். கடற்பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பதுபோல அது எண்ணெயைப் பிடித்துவைத்து, அழுத்தும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதன் இறுக்கத்தை 000 முதல் 6 வரையுள்ள என்.எல்.ஜி.ஐ. எண் குறிக்கிறது. கார் சக்கரத் தாங்கிகளுக்குப் பழக்கமான எண் 2, கைத்துப்பாக்கிக்குச் சற்று இறுக்கம். வெப்ப நாடுகளில் ஓடும், குளிரில் ஸ்லைடை மந்தமாக்கும். 0, 1 ஆகிய எண்கள் நடுவாந்தரம். செங்குத்தாக உறையில் தொங்கும் துப்பாக்கியில் எண்ணெய் கீழே வழியும், கிரீஸ் நிற்கும். அதே கிரீஸ் தூசியையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் மறுபக்கம்.

சி.எல்.பி. எனப்படும் மூன்று வேலை எண்ணெய், சுத்தம் செய்தல், உயவு, துருக்காப்பு மூன்றையும் ஒரே குப்பியில் தருவதற்காக அமெரிக்க ராணுவத்துக்கு உருவானது. எம்.ஐ.எல்.-பி.ஆர்.எஃப்.-63460 என்பது அதன் தரக்குறிப்பு. மூன்று வேலையையும் ஒன்றே செய்யும்போது எதையும் உச்சத்தில் செய்வதில்லை. ஆனால் படைவீரனின் பையில் மூன்று குப்பிகளுக்கு இடமில்லை என்ற நடைமுறையில் இருந்து பார்த்தால் அது நியாயமான சமரசம். டெஃப்லான் துகள் கலந்த வகைகளில் துகள் அடியில் தங்கிவிடும் என்பதால் குப்பியைக் குலுக்காமல் ஊற்றுவதில் பயனில்லை.

டபிள்யூ.டி.-40 பற்றி ஒரு வார்த்தை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தண்ணீரை விரட்டுவதற்காக உருவானது அது. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கியில் இருந்து ஈரத்தை வெளியேற்ற உதவும். அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் ஸ்லைடுக்கு நீடித்த மசகாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

எங்கே, எவ்வளவு

க்ளாக் நிறுவனத்தின் கையேடு இந்த விஷயத்தில் கறாரானது. குழலின் வெளிப்புறம், அதன் மேல்முகடு, ஸ்லைடுக்குள் அந்த முகடு உரசும் பகுதி ஆகியவற்றில் எண்ணெய்த் துணியால் ஓர் ஒற்று. ஸ்லைடின் தடங்களில் ஒவ்வொரு சொட்டு. பிரேமின் வலப்பக்கப் பின்மூலையில், ட்ரிகர் பட்டையின் முனையும் கனெக்டர் என்ற தகடும் சந்திக்கும் இடத்தில் ஒரு சொட்டு. கடைசியாகச் சொன்ன சொட்டுதான் முக்கியம். அந்த இடம் வறண்டால் விசை இழுப்பு கனத்துவிடும், பாகங்களும் தேயும். புதிய க்ளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை தெரியும். அதை அழுக்கென்று துடைத்தெடுப்பவர்கள் உண்டு. தொழிற்சாலையே பூசி அனுப்பும் மசகு அது; விட்டுவைக்க வேண்டும்.

எம்1911 இன்னும் தாராளமாகக் கேட்கும். நீண்ட தடங்களின் முழு நீளத்திலும், பூட்டுமேடுகளிலும், ஊசலிணைப்பிலும், புஷ்ஷிங்கின் உள்வளையத்திலும் படலம் வேண்டும். இலக்குச் சுடுதலுக்காக இறுக்கமாகப் பொருத்திய 1911-கள் எண்ணெய் வற்றினால் சண்டித்தனம் செய்பவை. தேய்ந்து பளபளக்கும் இடங்களைக் கவனித்தாலே எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்தக் கையேட்டையும்விட அந்தப் பளபளப்பு நம்பகமான வரைபடம்.

எண்ணெய் போகக்கூடாத இடங்களும் உண்டு. சுடுஊசி ஓடும் துளையில் எண்ணெய் புகுந்தால் கரியோடு கலந்து குழம்பாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தோட்டா வெடிக்காமலே போகலாம். குளிர்காலத்தில் இந்தக் கோளாறு இன்னும் எளிதில் வரும். மேகசினுக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், தோட்டாவும் நனையும். தோட்டா அமரும் அறையை ஈரமாக விடுவது இவற்றைவிட ஆபத்தானது. சுட்டவுடன் 9 மி.மீ. அறையில் அழுத்தம் 2,300 வளிமண்டலத்தை எட்டக்கூடும். பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்வதால் பின்னால் தள்ளும் விசையில் ஒரு பங்கைச் சுவரே வாங்கிக்கொள்கிறது. சுவரில் எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி தளரும். விசை ஸ்லைடின் முகத்தில் கூடுதலாக விழும். எனவே சுத்தம் செய்து முடித்ததும் அறையையும் குழலையும் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது வழக்கம்.

தேர்வு

உலோகமும் பூச்சும் முதலில் கவனிக்க வேண்டியவை. 1970-களில் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகில் செய்த 1911 வகைகள் சந்தைக்கு வந்தபோது ஸ்லைடும் பிரேமும் ஒன்றையொன்று கவ்விக் கீறிக்கொள்ளும் சிக்கல் எழுந்தது. ஒரே கடினத்தன்மையுள்ள இரு துருப்பிடிக்காத எஃகுப் பரப்புகள் அழுத்தத்தில் உரசினால் குளிர்நிலையிலேயே பற்றவைத்ததுபோல ஒட்டும். பின்னர் இரண்டின் கடினத்தன்மையையும் வேறுபடுத்திச் சிக்கலைக் குறைத்தார்கள். அந்தக் காலத் துப்பாக்கி கையில் உள்ளவர் மாலிப்டினம் கலந்த கிரீஸைத் தேர்வது நல்லது. நைட்ரஜன் ஏற்றிய பரப்பும், வைரம்போன்ற கார்பன் பூச்சும் உள்ள இன்றைய ஸ்லைடுகள் வறட்சியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நீலப்பூச்சுக்கு உராய்வைவிடத் துருதான் எதிரி.

அடுத்தது தட்பவெப்பம். 1941-ன் ரஷ்யக் குளிரில் ஜெர்மன் படைகளின் ஆயுதங்கள் எண்ணெய் உறைந்து செயலிழந்தன. எண்ணெயை வழித்தெடுத்துவிட்டு மண்ணெண்ணெய் போன்றவற்றால் சமாளித்தார்கள். கடுங்குளிருக்கென்று அமெரிக்க ராணுவம் எல்.ஏ.டபிள்யூ. என்ற மெல்லிய எண்ணெயைத் தனியாகவே வைத்திருக்கிறது. கடலோர வெப்பத்தில் கதை தலைகீழ். எண்ணெய் உறையாது, ஆனால் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து துருவை வளர்க்கும். அங்கே துருக்காப்பு சேர்மங்களுக்கு முதலிடம்.

பாலைவனத் தூசி வேறு வகைப் பிரச்சினை. ஈராக்கில் எம்9 துப்பாக்கிகள் மக்கர் செய்தபோது முதலில் பழி எண்ணெய் மேல்தான் விழுந்தது. பெரிய காரணங்களில் ஒன்று மேகசின். ராணுவக் குறிப்பின்படி சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சோடு செய்த மேகசின்களின் உள்சுவரில் நுண்மணல் தங்கி, தோட்டாக்களை மேலெழ விடாமல் பிடித்துக்கொண்டது. வழவழப்பான பூச்சுள்ள மேகசின்கள் வந்ததும் நிலைமை மாறியது. எண்ணெயை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அந்தக் கோளாறு தீர்ந்திருக்காது.

.22 இலக்குத் துப்பாக்கிகளுக்கு மெல்லிய எண்ணெய் போதும். ஈயக்குண்டில் பூசிய மெழுகும் கரியும் சேர்ந்து ஏற்கெனவே பிசுபிசுப்பை உண்டாக்கும். அதன்மேல் கிரீஸும் சேர்ந்தால், ஆற்றல் குறைந்த அந்தத் தோட்டாவால் ஸ்லைடை முழுதும் தள்ள முடியாது. லண்டன் ஒலிம்பிக்கில் 2012-ல் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் அதிவேகப் பிரிவில் ஐந்து குண்டுகளை நான்கு நொடிக்குள் சுட வேண்டிய சுற்றும் உண்டு. ஸ்லைடின் மந்தம் அங்கே நேரடியாகப் புள்ளியைத் தின்னும்.

கரைப்பான் கலந்தவற்றில் எச்சரிக்கை தேவை. அசிட்டோன் சில நெகிழிகளையும் கைப்பிடியின் மெருகையும் கெடுக்கும். செம்புப் படிவை நீக்கும் அம்மோனியா கலவை, நிக்கல் பூச்சில் விரிசல் இருந்தால் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள செம்புப் படலத்தை அரித்துவிடும்.

ஆய்வகச் சோதனைகள்

நான்கு பந்துச் சோதனை பரவலாக அறியப்பட்டது. அரை அங்குல எஃகுப் பந்துகள் மூன்றை எண்ணெயில் அசையாமல் பிடித்து, நான்காவதை அவற்றின் மேல் அழுத்திச் சுழற்றுவார்கள். ஏ.எஸ்.டி.எம். டி 4172 முறையில் வெப்பம் 75 டிகிரி, வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று, கால அளவு ஒரு மணி நேரம். பிறகு பந்துகளில் விழுந்த தழும்பின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். தழும்பு சிறிதாக இருந்தால் எண்ணெய் நல்லது. துருக்காப்புக்கு ஏ.எஸ்.டி.எம். பி 117: எண்ணெய் பூசிய தகட்டை 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர்ப் பனியில் வைத்து எத்தனை மணி நேரத்தில் துரு தோன்றுகிறது என்று பார்ப்பது. இவை தவிர, எந்தக் குளிரில் எண்ணெய் ஓட மறுக்கிறது, எவ்வளவு ஆவியாகிறது என்பவற்றுக்கும் தனித்தனி முறைகள் உள்ளன.

இவற்றின் முடிவை அப்படியே துப்பாக்கிக்குப் பொருத்திவிடக் கூடாது. பந்து ஒரே திசையில் ஓயாமல் சுழல்கிறது. ஸ்லைடு நின்று திரும்புகிறது. பந்தை எண்ணெய் எப்போதும் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கிறது. தடத்தில் இருப்பது சொட்டு எண்ணெயும் கரியும். கண்காட்சிகளில் சுழலும் வளையத்தின் மேல் நெம்புகோலை அழுத்தி, ‘மற்றவை கிறீச்சிட்டு நிற்கின்றன, எங்களுடையது நிற்கவே இல்லை’ என்று காட்டும் வித்தை இன்னும் மோசம். அதில் குளோரின் சேர்ந்த எண்ணெய்கள் அபாரமாக வெல்லும். அதே குளோரின், ஈரமும் சூடும் பட்டால் அமிலமாகி எஃகை அரிக்கக்கூடியது. எந்தக் குணத்தால் மேடையில் வெல்கிறதோ அதுவே பெட்டிக்குள் துப்பாக்கியைக் கெடுக்கும்.

சுட்டுப் பார்த்தல்

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் பிரௌனிங்கின் துப்பாக்கியை இரண்டு நாளில் 6,000 முறை சுட்டுப் பார்த்தது. சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மீண்டும் சுட்டார்கள். அந்த 6,000 என்ற எண்ணிக்கை மிகையாகத் தோன்றலாம், ஆனால் கணக்கு அதையே கேட்கிறது. ஒரு கோளாறும் இல்லாமல் நீங்கள் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய கோளாறு வீதத்தின் உச்சவரம்பு கிடைக்கும். புதிய எண்ணெயைப் பூசி 200 தோட்டா தடையின்றிச் சுட்டுவிட்டு ‘அற்புதம்’ என்பவர் உண்மையில் நிரூபித்தது, கோளாறு 67-க்கு ஒன்றைவிட மோசமில்லை என்பதை மட்டுமே. இரண்டாயிரத்துக்கு ஒன்றுதான் என்று காட்ட வேண்டுமானால் 6,000 தோட்டா தேவை.

இரண்டு எண்ணெய்களை ஒப்பிடுவது இன்னும் செலவு பிடித்தது. ஒன்றில் 500-க்கு ஒரு கோளாறு, மற்றதில் 1,000-க்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு வித்தியாசம். ஒவ்வொன்றிலும் 12,000 தோட்டா சுட்டால் 24-க்கு 12 என்று வரும். அதுவே தற்செயல் அல்ல என்று சொல்வதற்கு மயிரிழையில் போதுமான சான்று. இடையில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், தோட்டாவின் தொகுதி மாறியிருக்கும், சுடுபவரின் மணிக்கட்டும் சோர்ந்திருக்கும். தனிநபர் சுட்டுப் பார்த்து எண்ணெய்களை வரிசைப்படுத்துவது நடக்காத காரியம். அப்படி வெளிவரும் தரவரிசைகளை ரசிக்கலாம், நம்பத் தேவையில்லை.

ராணுவங்கள் இதைச் சமாளிக்கும் வழி, சூழலைக் கடுமையாக்கிக் கோளாறுகளை வலிந்து வரவழைப்பது. 2007-ல் அமெரிக்காவின் ஆபர்டீன் களத்தில் ரைஃபிள்களுக்கு நடந்த தூசிச் சோதனை நல்ல மாதிரி. ஒவ்வொரு வகையிலும் பத்து துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 6,000 தோட்டா. 120 தோட்டாவுக்கு ஒருமுறை அரைமணி நேரம் தூசி அறை. 600-க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய். 1,200-க்கு ஒருமுறை முழுச் சுத்தம். எந்த இடைவெளியில் எண்ணெய் வைத்தார்கள் என்பது சோதனை விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த விதி இல்லாத சோதனையில், அளக்கப்படுவது எண்ணெயா எண்ணெய் விடும் ஆளா என்று தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியவை

சுடாமலே அளக்கக்கூடியவை சில உண்டு. வாங்குபவருக்குப் பயன்படுவதும் அவையே. எதற்கும் முன்னால் மேகசினை எடுத்து, தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

நிற்கும் திறனை அறிய ஒரே எஃகில் வெட்டிய தகடுகளைக் கரைப்பானால் கழுவி, ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் ஊசிமுனையால் ஒரே அளவு சொட்டு வைத்து, செங்குத்தாக நிறுத்த வேண்டும். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்துச் சொட்டு எங்கே இருக்கிறது, விரலால் தொட்டால் வழுக்குகிறதா, ஒட்டுகிறதா, உலர்ந்துவிட்டதா என்று குறிக்கலாம். கடைகளில் புகழப்படும் மெல்லிய எண்ணெய்களில் பல, ஒரு மாதத்தில் மேல்விளிம்பை வெறுமையாக விட்டுவிட்டு அடியில் குட்டையாகத் தேங்கும். உறையில் தொங்கும் துப்பாக்கியிலும் அதுவே நடக்கிறது. ஆவியாவதை அறிய, சிறு கிண்ணத்தில் ஊற்றி நகைக்கடைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டால் போதும். கரைப்பான் மிகுந்த எண்ணெயில் முதல் வாரத்திலேயே எடை சரிவது தெரியும்.

துருவுக்கு, இதேபோல் கழுவி எண்ணெய் பூசிய தகடுகளின் மேல் உப்புநீரைத் தெளித்து நிழலில் வைக்கலாம். எண்ணெய் பூசாத தகடு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அது துருவேறாவிட்டால் சோதனையே செல்லாது. எந்தத் தகட்டில் எந்த எண்ணெய் என்பதை இன்னொருவர் குறித்துவைத்து, பார்ப்பவர் அறியாமல் மதிப்பிடுவது நல்லது. விலை கூடிய குப்பி என்று தெரிந்தால் கண்ணுக்குத் துரு குறைவாகத் தெரியும்.

உராய்வை அளக்கவும் வழி உண்டு. 1911 போன்ற துப்பாக்கியில் குழலையும் ஸ்பிரிங்கையும் விசைப் பாகங்களையும் கழற்றிவிட்டு வெறும் ஸ்லைடை வெறும் பிரேமில் ஏற்றி, பிரேமை மெல்லச் சாய்க்க வேண்டும். ஸ்லைடு தானாக நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பே உராய்வுக் குணகம்: 10 டிகிரியில் நழுவினால் சுமார் 0.18. பிறகு இரண்டையும் உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்து எடுத்து உடனே இதையே செய்து பார்த்தால், அறை வெப்பத்தில் முதலிடம் பிடித்த கிரீஸ் கடைசிக்குப் போவதைக் காணலாம். வெளியே எடுத்ததும் உலோகத்தில் பனித்துளி படியும் என்பதால் சோதனை முடிந்ததும் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

கையாளுதலும் சேமிப்பும்

பழைய எண்ணெயைத் துடைக்கும்போது கையில் ஒட்டும் கருமையில் ஈயம் இருக்கிறது. கையுறை அணிவது, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வது, சாப்பிடும் மேசையைத் தவிர்ப்பது, முடித்தபின் சோப்பால் கை கழுவுவது ஆகியவை கட்டாயம். எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால், குறிப்பாகத் தாவர எண்ணெயாக இருந்தால், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்தியோ மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டோ அப்புறப்படுத்த வேண்டும்.

நீண்ட நாள் வைக்கப்போகும் துப்பாக்கிக்கு உயவு எண்ணெயைவிடக் காப்பு எண்ணெயோ துருத்தடுப்புக் காகிதமோ ஏற்றது. தோல் உறைக்குள் வைத்து மாதக்கணக்கில் விடக் கூடாது. தோலைப் பதனிடும் பொருள்களும் அது உறிஞ்சும் ஈரமும் பூச்சை அரிக்கும். நீர் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மாற்றிக்கொள்ளலாம். மறுபடி எடுத்துச் சுடும் நாளில் காப்பு எண்ணெயை முழுக்கத் துடைத்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, தடங்களில் புதிதாகச் சொட்டு விட்ட பிறகே தோட்டாவைத் தொட வேண்டும்.